நான்காம் டிவிஷன் கோலுக்கு என்ன மதிப்பு? ஸ்டீவ் புல்லை எங்கே வைப்பது?

மணற்கேணி எழுதியது:

இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ் டிவிஷன்களில் கோல்களைக் குவித்த முன்கள வீரர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே எதிர்வாதம்தான் வருகிறது: கணக்கு பெரிதுதான், ஆனால் யாரை எதிர்த்து அடித்தார்? இந்தக் கேள்வியை ஒரே ஒருவரை முன்வைத்து நிதானமாக ஆராயலாம் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். அவர் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் (சுருக்கமாக வுல்வ்ஸ்) கிளப்பின் ஸ்டீவ் புல்.

பர்மிங்ஹாமுக்கு வடமேற்கே, நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உலைகளும் நிறைந்திருந்த பிளாக் கன்ட்ரி பகுதியிலுள்ள டிப்டன் என்னும் சிற்றூரில் 1965 மார்ச்சில் பிறந்தவர். உள்ளூர் அணியான டிப்டன் டவுனில் ஆடிக்கொண்டிருந்தவரை வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் சேர்த்துக்கொண்டது. அங்கே அவருக்குக் கிடைத்தவை நான்கே லீக் ஆட்டங்கள். அவற்றில் இரண்டு கோல்கள் அடித்தார். வரும் பந்தைக் காலில் அடக்கத் தெரியாதவர் என்று அன்றைய மேலாளர் ரான் சாண்டர்ஸ் முடிவு கட்டினார். 1986 நவம்பரில், பக்கத்து ஊர்ப் பரம எதிரியான வுல்வ்ஸுக்கு ஏறத்தாழ 65,000 பவுண்டுக்கு அவரை விற்றும்விட்டார். அப்போது வுல்வ்ஸ் இருந்தது லீக்கின் நான்கு டிவிஷன்களில் கடைசியான நான்காம் டிவிஷனில்.

1999இல் முழங்கால் காயத்தால் ஓய்வு பெறும்போது வுல்வ்ஸுக்காக அவர் 561 ஆட்டங்களில் 306 கோல்கள் அடித்திருந்தார். அவற்றில் 18 ஹாட்ரிக்குகள் (ஒரே ஆட்டத்தில் மூன்றோ அதற்கு மேலோ கோல்கள்). அவருக்கு முன் அந்தக் கிளப்பின் சாதனையை வைத்திருந்த ஜான் ரிச்சர்ட்ஸின் எண்ணிக்கை 194. இருவருக்கும் இடையே 112 கோல்கள். ஆனால் வுல்வ்ஸ் சட்டையோடு நாட்டின் உச்ச டிவிஷனில் புல் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

அந்த ஒரு குறைக்காக அவருடைய கோல்களைத் தள்ளுபடி விலைக்கு மதிப்பிடுவது தவறு என்பதே என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். கிளப் பற்றில் விளையும் வெறும் புகழ்ச்சியும் வேண்டாம், வெறும் ஏளனமும் வேண்டாம்.

கோல்காவலன் எழுதியது:

இழைக்கு நன்றி, மணற்கேணி. மாற்றுக் கருத்தை நானே தொடங்கிவைக்கிறேன்.

புல்லின் புகழுக்கு அடித்தளமாக இருப்பவை இரண்டு பருவங்கள். 1987-88இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 52 கோல்கள், அடுத்த பருவத்தில் 50. இந்த 102 என்ற எண்ணைச் சொல்லாத ஆளே இல்லை. ஆனால் முதல் பருவம் நான்காம் டிவிஷன், இரண்டாவது மூன்றாம் டிவிஷன்; போதாக்குறைக்கு, கீழ் இரண்டு டிவிஷன்களின் கிளப்புகள் மட்டுமே ஆடிய ஷெர்பா வேன் கோப்பையின் கோல்களும் அந்த 52இல் அடக்கம். சேற்று மைதானங்களில், பகுதி நேரப் பயிற்சியாளர்களோடும் வயதேறிய தடுப்பாட்டக்காரர்களோடும் காலத்தை ஓட்டிய அணிகளை எதிர்த்து, உடல் வலுவும் வேகமும் கொண்ட இருபத்திரண்டு வயது இளைஞர் கோல் மழை பொழிந்ததில் வியப்பதற்கு அதிகம் இல்லை. அந்த இரண்டு பருவங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுபவர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் பெரிய ஆட்டக்காரர் அல்லர்.

சாண்டர்ஸ் சொன்ன குறையும் பொய்யில்லை. புல்லின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எவரும் அவருடைய பந்தடக்கத்தைப் பாராட்டி நான் படித்ததில்லை.

ஏட்டுக்கணக்கு எழுதியது:

கோல்காவலன் சொன்னபடியே கழித்துப் பார்ப்போம். உணர்ச்சிக்கு இடமில்லாத வேலை இது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தமானதும்கூட.

வுல்வ்ஸில் புல் அடித்த லீக் கோல்கள் மட்டும் 250. நான்காம் டிவிஷனில் முதல் பருவத்தில் 15, இரண்டாவதில் 34, ஆக 49. மூன்றாம் டிவிஷனில் 37. இரண்டையும் சேர்த்தால் 86. மீதமுள்ள 164 கோல்களும் இரண்டாம் நிலை டிவிஷனில் அடிக்கப்பட்டவை. பலரும் நினைப்பதுபோல அவர் நான்காம் டிவிஷன் கோல்காரர் அல்லர்; அவருடைய லீக் கோல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, உச்ச டிவிஷனுக்கு ஒரே ஒரு படி கீழே அடிக்கப்பட்டவை. (1992இல் உச்ச டிவிஷனாகப் பிரீமியர் லீக் பிறந்தபோது பெயர்களெல்லாம் இடம் மாறின, அதுவரை இரண்டாம் டிவிஷன் எனப்பட்டது முதல் டிவிஷன் ஆனது. புதிய வாசகர்கள் குழம்பக்கூடும் என்பதால் "இரண்டாம் நிலை" என்றே எழுதுகிறேன்.)

1989-90 முதல் பருவவாரியாக அந்த 164: 24, 26, 20, 16, 14, 16, 15, 23, 7, 3. கடைசி இரண்டும் முழங்கால் கைவிட்ட பருவங்கள். கடைசிக்கு முந்தைய பெரிய எண்ணான 23ஐக் கவனியுங்கள்; அது 1996-97, அவருக்கு வயது முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டது. கீழிருந்து மேலே வந்த முதல் ஆண்டில் 24, அடுத்த ஆண்டில் 26 அடித்தவரை, கீழ் டிவிஷனின் பலவீனத்தில் வாழ்ந்தவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நிலைக்கதவு எழுதியது:

அந்த 24இல் நான்கு கோல்கள் ஒரே நாளில் வந்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1990 புத்தாண்டு நாளில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில், எதிரணியின் சொந்த மைதானத்திலேயே, வுல்வ்ஸ் நியூகாஸிலை 4-1 என்று வென்றது. நான்கையும் அடித்தவர் புல். நியூகாஸில் அந்தப் பருவத்தில் அந்த டிவிஷனில் மூன்றாம் இடத்தில் முடித்த அணி.

கோல்காவலன் எழுதியது:

ஏட்டுக்கணக்கு, உங்கள் கூட்டல் சரி. அது காட்டுவதாக நீங்கள் கொள்ளும் முடிவு சரியல்ல.

இரண்டாம் நிலைக்கும் உச்ச நிலைக்கும் இடையே ஒரே ஒரு படி என்கிறீர்கள். அந்தப் படியின் உயரத்தை அறிய ஒருவரைப் பார்த்தால் போதும். 1992-93இல் இதே இரண்டாம் நிலையில் போர்ட்ஸ்மத்தின் கை விட்டிங்ஹாம் 42 லீக் கோல்கள் அடித்தார். அதே பருவத்தில், அதே டிவிஷனில் புல் அடித்தது 16. கோடையில் ஆஸ்டன் வில்லா விட்டிங்ஹாமைப் பிரீமியர் லீக்குக்கு அழைத்துச் சென்றது. அங்கே 25 லீக் ஆட்டங்களில் அவரால் 5 கோல்கள்தாம் அடிக்க முடிந்தது. 42 அடித்தவரின் கதி இதுவென்றால், 16 அடித்தவர் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வில்லா, 1994இல் விட்டிங்ஹாமைச் சிறிது காலத்துக்குக் கடனாக அனுப்பிய கிளப் எது தெரியுமா? வுல்வ்ஸ்தான். 13 ஆட்டங்களில் 8 கோல்கள் அடித்தார். மேலே திணறியவர் கீழே இறங்கியதும் மறுபடி கோலடிக்கத் தொடங்கிவிட்டார். இதைவிடத் தெளிவான சோதனையை வேண்டுமென்றே நடத்தியிருந்தாலும் நடத்தியிருக்க முடியாது.

மேகலை எழுதியது:

விட்டிங்ஹாம் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஒற்றை எடுத்துக்காட்டு. அவரைப் போலவே அந்தப் படியைத் தாண்ட முயன்ற வேறு இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

முதலாமவர் டெடி ஷெரிங்ஹாம். 1990-91இல் மில்வாலுக்காக இதே டிவிஷனில் 33 லீக் கோல்கள் அடித்தார். புல் அதே பருவத்தில் 26. அடுத்த கோடையில் ஷெரிங்ஹாம் 20 லட்சம் பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனார், பிறகு டாட்டன்ஹாம், பிறகு மான்செஸ்டர் யுனைடெட். அதன் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. அவர் வேறு வகை ஆட்டக்காரர், பின்னே இறங்கி வந்து ஆட்டத்தைக் கோக்கத் தெரிந்தவர் என்று கோல்காவலன் மறுக்கக்கூடும்; அதை ஏற்கிறேன்.

ஆகவே இரண்டாமவரைச் சொல்கிறேன்: மிக் க்வின். புல் நான்கு கோல்கள் அடித்த அந்தப் பருவத்தில் நியூகாஸிலின் முன்கள வீரர் இவர்தான். அந்த ஆண்டு 32 லீக் கோல்கள் அடித்தார். கனத்த உடம்பு, வேகம் கிடையாது, நுணுக்கத்துக்காக எவரும் அவரைப் பார்க்கப் போகவில்லை. விகன், ஸ்டாக்போர்ட், ஓல்டம், போர்ட்ஸ்மத் என்று கீழ் டிவிஷன்களிலேயே வளர்ந்தவர். 1992இன் இறுதியில் கோவென்ட்ரி சிட்டி அவரைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனபோது வயது முப்பது. எஞ்சியிருந்த 26 ஆட்டங்களில் 17 கோல்கள் அடித்தார்.

ஒருவர் தோற்றார், இருவர் வென்றனர். இதிலிருந்து புல் வென்றிருப்பார் என்று நான் முடிவு கட்டவில்லை. தோற்றிருப்பார் என்று முடிவு கட்டுவதற்கும் இடமில்லை என்பதைத்தான் சொல்கிறேன். விட்டிங்ஹாமும்கூட வில்லாவில் டீன் சாண்டர்ஸுக்கும் டாலியன் அட்கின்சனுக்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு ஷெஃபீல்ட் வெட்னஸ்டேவுக்குப் போனதும் அதே பிரீமியர் லீக்கில் ஒழுங்காகக் கோலடித்தார். எந்த அணி, எந்தக் கூட்டாளி, எந்த மேலாளர் என்பதைப் பொறுத்து ஒரே வீரர் இருவேறு ஆட்களாகத் தெரிகிறார்.

பழையமாடம் எழுதியது:

மேகலை கடைசியில் சொன்னதிலிருந்து தொடர விரும்புகிறேன். இதுவரை இந்த இழையில் எல்லோரும் புல்லைத் தனியாளாகப் பார்த்தீர்கள். அவர் வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் அவருடைய கோல்களை எடைபோட முடியாது; சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வுல்வ்ஸ் 1954, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாம்பியன். 1979இல் ஆண்டி கிரே என்னும் முன்கள வீரரை ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, பிரிட்டிஷ் சாதனையைப் படைத்தது. அதே ஆண்டு மோலினோ மைதானத்தில் ஜான் அயர்லாந்து ஸ்டாண்ட் என்ற பிரமாண்டமான புதிய மாடத்தையும் திறந்தது. மைதானத்தையே பின்னர் அந்தப் பக்கம் நகர்த்தும் திட்டத்தோடு கட்டியதால், திட்டம் நின்றுபோனபோது மாடம் ஆடுகளத்திலிருந்து எட்ட நின்று வெறித்துக்கொண்டிருந்தது. அதைக் கட்ட வாங்கிய கடன் 1982இல் கிளப்பை மூடுவிழாவின் விளிம்புக்கே கொண்டுவந்தது. பட்டி சகோதரர்கள் வாங்கிக் காப்பாற்றினார்கள் என்று நினைத்தால், 1984, 1985, 1986 என்று மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கீழ் டிவிஷனுக்குத் தரமிறக்கம். 1985இல் பிராட்ஃபோர்டு மைதானத் தீ விபத்துக்குப் பிறகு வந்த பாதுகாப்பு விதிகளால் மோலினோவின் இரண்டு பழைய மாடங்கள் மூடப்பட்டன. 1986 கோடையில் மறுபடி திவாலாகும் நிலை. நகரசபை மைதானத்தை வாங்க, ஒரு கட்டுமான நிறுவனமும் ஆஸ்டா பல்பொருள் அங்காடியும் மைதானத்தை அடுத்த நிலத்துக்காகக் கடனை அடைக்க, மயிரிழையில் தப்பியது.

அந்த நவம்பரில், எல்லா நிலை அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் லீக்கிலேயே இல்லாத சோர்லி என்ற அணியிடம் வுல்வ்ஸ் தோற்று வெளியேறியது. புல் வந்து சேர்ந்தது அதே மாதம். ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பெரிய அணிகளை மின்விளக்கொளியில் வரவழைத்து வென்ற மைதானத்தில், சில ஆயிரம் பேர் மட்டும் குந்தியிருக்க, பாதி மாடங்கள் பூட்டப்பட்டுக் கிடந்தன.

மேலாளர் கிரகாம் டர்னரிடம் பணம் இல்லை. வெஸ்ட் புரோம் ஒதுக்கியவர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கிச் சேர்த்தார்: புல்லோடு ஆண்டி தாம்சன், பிறகு ராபி டெனிசன். முன்வரிசையில் புல்லுக்கு இணையாக ஏற்கெனவே அங்கிருந்த ஆண்டி மட்ச். உயரப் பந்தை மட்ச் தலையால் முட்டித் தள்ளுவார், விழும் இடத்துக்குப் புல் ஓடியிருப்பார். அல்லது டெனிசன் இடப்பக்கத்திலிருந்து உள்ளே அடிப்பார். திட்டம் என்று பார்த்தால் அவ்வளவுதான். எதிரணிகளுக்கும் அது தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 1988இல் நான்காம் டிவிஷன் சாம்பியன், 1989இல் மூன்றாம் டிவிஷன் சாம்பியன். கோல்காவலன் இளக்காரமாகச் சொன்ன அந்த ஷெர்பா வேன் கோப்பையின் 1988 இறுதியாட்டத்தில் வுல்வ்ஸ் பர்ன்லியை 2-0 என்று வென்றது. மட்சும் டெனிசனும் கோல் அடித்தார்கள். லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் அன்று கூடியவர்கள் 80,000க்கும் மேல். நான்காம் டிவிஷனின் இரண்டு அணிகள் ஆடிய ஆட்டத்துக்கு!

நான் சொல்ல வருவது இதுதான்: அந்த 86 கோல்கள் எளிதானவை என்று கழிப்பவர்கள், அவை அடிக்கப்படாமல் போயிருந்தால் பிந்தைய 164க்கு மேடையே இருந்திருக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கோல்காவலன் எழுதியது:

பழையமாடம் ஐயா, வரலாற்றைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒரு கோல் ஒரு கிளப்புக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதும், அதை அடிப்பது எவ்வளவு கடினம் என்பதும் வெவ்வேறு கேள்விகள். வுல்வ்ஸுக்குப் புல் இன்றியமையாதவர் என்பதை நான் எங்கும் மறுக்கவில்லை. அவருடைய தரம் என்ன என்பதே கேள்வி. அதற்கு விடை தரக்கூடிய ஒரே இடம் இங்கிலாந்து அணி. அங்கே அவர் ஆடியது 13 ஆட்டங்கள், அடித்தது 4 கோல்கள், பிறகு கைவிடப்பட்டார்.

இடதுகால் எழுதியது:

அந்த 13 ஆட்டங்களைப் பிரித்துப் பார்க்காமல் இப்படி ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது.

1989 மே 27, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க், எதிரணி ஸ்காட்லாந்து. வுல்வ்ஸ் அப்போதுதான் மூன்றாம் டிவிஷனை முடித்திருந்தது. முன்கள வீரர் ஜான் ஃபஷானு காயமடைந்து வெளியேற, புல் மாற்றாக இறங்கினார். பிற்பாதியில் நீளமாக வந்த பந்துக்கு எழும்பினார். அது அவர் உடம்பில் பட்டு முன்னே விழுந்தது. துள்ளிய பந்தை வலதுகாலால் அடித்து வலைக்குள் செலுத்தினார். இங்கிலாந்து 2-0 என்று வென்றது. பந்தடக்கம் பற்றிய குற்றச்சாட்டும் அதற்கான பதிலும் அந்த ஒரே கோலில் அடங்கியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். மூன்றாம் டிவிஷன் கிளப்பிலிருந்து ஒருவர் இங்கிலாந்துக்கு ஆடுவது அதற்கு முன்பு 1976இல் கிரிஸ்டல் பேலஸின் பீட்டர் டெய்லர் காலத்தில் நடந்தது.

1990 ஏப்ரலில் வெம்ப்லியில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக இரண்டு கோல்கள். நடுக்கள வீரர் பால் கேஸ்காய்னின் ஆட்டம் என்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த 4-2 ஆட்டத்தில்தான் அவை வந்தன. ஜூனில் துனிசியாவுக்கு எதிராகத் தோல்வியைத் தவிர்த்த கடைசி நேரக் கோல் ஒன்று. அதன் பிறகு இத்தாலியில் உலகக் கோப்பை. இங்கிலாந்து மேலாளர் பாபி ராப்சன் தேர்ந்தெடுத்த அந்த அணியில், அதற்கு முந்தைய பருவத்தில் உச்ச டிவிஷனின் அதிகக் கோல்காரராக இருந்து ஆர்சனலைச் சாம்பியனாக்கிய ஆலன் ஸ்மித்துக்கு இடமில்லை; இரண்டாம் டிவிஷனில் ஆடிய புல்லுக்கு இடம் இருந்தது. அயர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆட்டங்களில் மாற்று வீரராக இறங்கினார். எகிப்துக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே ஆடினார். கோல் கிடைக்கவில்லை, அது உண்மை.

ராப்சன் போய் கிரகாம் டெய்லர் வந்தார். அக்டோபரில் போலந்து ஆட்டத்தோடு புல்லின் பன்னாட்டு வாழ்க்கை முடிந்தது. 13 ஆட்டங்களுக்கு இடையே ஓடிய காலம் ஒன்றரை ஆண்டுகூட இல்லை. பல ஆட்டங்களில் அவர் பிற்பாதியில்தான் இறங்கினார். இதைக் கொண்டு ஒருவருடைய தரத்தை இறுதியாகத் தீர்ப்பது கடினம். ஆனால் ஒன்றை ஏற்கலாம்: பன்னாட்டு ஆட்டத்தில் பின்கள வீரர்கள் தங்களுக்குப் பின்னால் அவருக்கு இடம் விடவில்லை, இடம் கிடைக்காதபோது காலில் பந்தை வைத்துக்கொண்டு வழி உண்டாக்கும் கலை அவரிடம் இல்லை.

மணற்கேணி எழுதியது:

இடதுகால் கடைசியில் சொன்னதை நானும் ஏற்கிறேன். இழை எதிர்பார்த்ததைவிடச் செறிவாகப் போகிறது.

இப்போது இன்னொரு கேள்வி எழுகிறது. 1990இல் உலகக் கோப்பையிலிருந்து திரும்பியவர் உச்ச டிவிஷனுக்கு ஏன் போகவில்லை? அந்தக் கோடையில் செல்வந்தர் ஜாக் ஹேவர்டு வுல்வ்ஸை வாங்கி, மைதானத்தை முழுதாகக் கட்டப் பணத்தைக் கொட்டத் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ தரமுயர்வு நிச்சயம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருந்தது. ஆனால் அடுத்தடுத்து வுல்வ்ஸ் முடித்த இடங்கள் 12, 11, 11, 8. புதிய மோலினோ 1993 இறுதியில் தயாராகிவிட்டது, அணி தயாராகவில்லை.

மேகலை எழுதியது:

போக வாய்ப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. 1995இல் பிரீமியர் லீக்கிலிருந்த கோவென்ட்ரி சிட்டி அவரை வாங்க முன்வந்தது. நான் முன்பு சொன்ன மிக் க்வினைக் கொண்டுபோன அதே கிளப். அப்போதைய மேலாளர் ரான் அட்கின்சன், விட்டிங்ஹாமை வில்லாவுக்கு அழைத்துச் சென்றவர். கீழ்நிலைக் கோல்காரர்கள் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை ஒரு தோல்வியால் தளர்ந்துவிடவில்லை போலும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் வுல்வ்ஸின் மேலாளர் கிரகாம் டெய்லர். இங்கிலாந்து அணியில் புல்லின் காலத்தை முடித்துவைத்த அதே மனிதர். அவர் விற்க ஆயத்தமாக இருந்தார். புல் யோசித்தார், பிறகு இருந்துவிட்டார். அந்த நவம்பரில் டெய்லர்தான் போனார்.

கோல்காவலன் எழுதியது:

இதைத்தான் நான் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தன் அளவை அறிந்த மனிதரின் முடிவு அது. மோலினோவில் அவர் அரசர். கோவென்ட்ரியில் தரமிறக்கத்தை எதிர்த்துப் போராடும் அணியில் முப்பது வயதான இன்னொரு முன்கள வீரர். ரசிகர்கள் இதை விசுவாசம் என்கிறார்கள். விசுவாசமும் இருந்திருக்கலாம், ஆனால் ஒரு சோதனையைத் தவிர்த்ததும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

நிலைக்கதவு எழுதியது:

சோதனையைத் தவிர்த்தார் என்பது கடுமையான சொல். முப்பது வயதில் முழங்கால் அறுவை சிகிச்சைகளோடு ஒருவர் எடுக்கும் முடிவில் எத்தனையோ கணக்குகள் இருக்கும். மேலும், அந்த வசந்தத்தில்தான் வுல்வ்ஸ் நான்காம் இடத்தில் முடித்து, தரமுயர்வுக்கான பிளே-ஆஃப் போட்டியின் அரையிறுதியில் போல்ட்டனிடம் தோற்றிருந்தது. பிரீமியர் லீக் என்பது அவருக்குக் கோவென்ட்ரியில் மட்டும் இருக்கவில்லை. சொந்தக் கிளப்போடேயே போய்விடலாம் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தது. 1997இலும் மூன்றாம் இடத்தில் முடித்து, பிளே-ஆஃப் அரையிறுதியில் கிரிஸ்டல் பேலஸிடம் தோற்றார்கள். அந்தப் பருவத்தில் புல் அடித்தவை 23 கோல்கள். ஏட்டுக்கணக்கு முன்பே சுட்டிக்காட்டியது இதைத்தான்.

அடியின் வலியையும் மறக்கக் கூடாது. பின்னாலிருந்து காலை வாரும் தடுப்புக்குச் சிவப்பு அட்டை என்ற கண்டிப்பு 1998 உலகக் கோப்பையையொட்டித்தான் உறுதியாக வந்தது. புல்லின் பதின்மூன்று பருவங்களில் பன்னிரண்டு அதற்கு முந்தையவை. கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்க நிற்கும் முன்கள வீரருக்கு அந்தக் காலம் என்ன செய்தது என்பதற்கு அவருடைய முழங்கால்களே சாட்சி.

ஏட்டுக்கணக்கு எழுதியது:

ஒப்பீட்டுக்கு இன்னொருவரைக் கொண்டுவராமல் இந்த இழை முழுமை பெறாது: ஆர்தர் ரவுலி. இங்கிலாந்து லீக் வரலாற்றிலேயே அதிகக் கோல்கள் அடித்தவர் இவர்தான். 619 லீக் ஆட்டங்களில் 434 கோல்கள். வெஸ்ட் புரோம், ஃபுல்ஹாம், லெஸ்டர் சிட்டி, கடைசியில் ஆட்டக்கார-மேலாளராக ஷ்ரூஸ்பரி டவுன். பெரும்பகுதி இரண்டாம் டிவிஷனிலும் அதற்குக் கீழும் அடிக்கப்பட்டவை. நான்காம் டிவிஷன் என்ற ஒன்று முதன்முதலாகத் தொடங்கிய 1958-59 பருவத்திலேயே ஷ்ரூஸ்பரிக்காக 38 கோல்கள் அடித்து அணியை மேலே ஏற்றினார். இங்கிலாந்து முதல் அணிக்கு அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. அவர் பிறந்த ஊர் எது என்று தேடிப் பாருங்கள், வுல்வர்ஹாம்ப்டன்தான்.

கோல்காவலனிடம் ஒரு கேள்வி. கீழ் டிவிஷன் கோல் எளிதென்றால், நூற்றாண்டைத் தாண்டிய லீக்கில் அங்கே ஆடிய ஆயிரக்கணக்கான முன்கள வீரர்களில் ஏன் மிகச் சிலரே ரவுலியாகவோ புல்லாகவோ ஆனார்கள்? எதிரணி எல்லோருக்கும் ஒன்றுதானே?

கோல்காவலன் எழுதியது:

நியாயமான கேள்வி. மிகச் சிலரே ஆனதற்கு ஒரு காரணம், அவர்களில் சிறந்தவர்கள் அங்கே தங்கவில்லை என்பது. ஷெரிங்ஹாம் தங்கியிருந்தால் அவருடைய எண்ணிக்கையும் எகிறியிருக்கும். இருந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: முப்பத்தொரு வயதில் அடித்த அந்த 23 கோல்களை உடல் வேகத்தால் மட்டும் விளக்க முடியவில்லை. வேகம் போன பிறகும் பந்து எங்கே விழும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. புல் இரண்டாம் நிலையின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் என்பதை ஏற்கிறேன். உச்ச நிலையில் என்ன செய்திருப்பார் என்பதில் என் ஐயம் அப்படியே இருக்கிறது.

இடதுகால் எழுதியது:

கேள்வி ஒன்று. வுல்வ்ஸை விட்ட பிறகு அவர் வேறெங்காவது ஆடினாரா? 1999இல் முற்றிலும் நிறுத்திவிட்டார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

பழையமாடம் எழுதியது:

சிறிது காலம் ஆடினார். நான்காம் டிவிஷனில் அவரை வாங்கிய அதே கிரகாம் டர்னர், பிற்பாடு லீக்கிலிருந்தே கீழே விழுந்துவிட்ட ஹெர்ஃபோர்டு யுனைடெடை நடத்திக்கொண்டிருந்தார். 2000இல் அவரிடம் ஆட்டக்கார-பயிற்சியாளராகப் போனார் புல். ஆனால் ஆடிய ஆட்டங்கள் சொற்பமே. 2008இல் ஸ்டாஃபோர்டு ரேஞ்சர்ஸ் என்ற லீக்குக்கு வெளியேயுள்ள கிளப்புக்கு மேலாளராகச் சில மாதங்கள் இருந்தார், அது சரிப்படவில்லை.

மோலினோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கடனில் கட்டப்பட்டு, கிளப்பையே கவிழ்க்கவிருந்தது என்று முன்பு எழுதினேனே, அந்த ஜான் அயர்லாந்து ஸ்டாண்ட் இப்போது அந்தப் பெயரில் இல்லை. 2003இல் அதற்கு ஸ்டீவ் புல் ஸ்டாண்ட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வுல்வ்ஸ் முதன்முறையாகப் பிரீமியர் லீக்குக்கு ஏறியதும் அதே ஆண்டில்தான். டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பக்கம் கேளுங்கள். ஆனால் முன்வரிசையிலும் ஆடுகளம் சற்று எட்டத்தான் இருக்கும்.